ஷெஃபீல்டின் சாணைக்காரர்கள்: கத்தித் தொழிலாளர் வாழ்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஷெஃபீல்டு நகரம் பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன ஊர். நம் வீடுகளிலும் பழைய தகரப்பெட்டியின் அடியில் கிடக்கும் பேனாக்கத்தியிலோ தாத்தாவின் சவரக்கத்தியிலோ அந்த ஊர்ப் பெயர் பொறித்திருப்பதைச் சிலர் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கத்திகளைச் செய்தவர்கள், குறிப்பாக அவற்றுக்குச் சாணை பிடித்தவர்கள், எப்படி வாழ்ந்தார்கள், ஏன் அவ்வளவு இளம் வயதில் இறந்தார்கள், அந்தச் சாவுகளைத் தடுக்கும் வழி தெரிந்த பிறகும் ஏன் அவை நிற்கவில்லை என்பவை பற்றி வாசகர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைப் பற்றியே பேசுகிறோம்.

கத்தித் தொழில் ஷெஃபீல்டில் வேரூன்றியது ஏன்?

ஆறும் கல்லும் காரணம். டான், ஷீஃப், போர்ட்டர், ரிவெலின், லாக்ஸ்லி என்னும் ஐந்து ஆறுகள் மேட்டிலிருந்து வேகமாக இறங்கி ஊருக்குள் வந்து சேர்கின்றன. அவற்றின் கரைகளில் நீர்ச்சக்கரங்களை அடுத்தடுத்து அமைக்க முடிந்தது. சாணைக்கு ஏற்ற மணற்கல் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகக் கத்திக் கைவினைஞர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. யார் தொழில் பழகலாம், யார் எந்த முத்திரையைப் பொறிக்கலாம் என்பதை அந்தச் சங்கம் முடிவு செய்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசை என்னும் உருக்குக் கலத்தில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்திய பிறகு, ஊரின் பெயர் கடல் கடந்தது. 1801இல் ஏறக்குறைய 46,000 பேர் வாழ்ந்த ஊரில் 1851இல் 1,35,000 பேர் வாழ்ந்தனர்.

ஒரு கத்தியை ஒருவரே செய்து முடிப்பாரா?

இல்லை. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அரிவாளைக் காய்ச்சி, அடித்து, பதம் போட்டு, தீட்டி, பிடியும் போட்டுக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே. ஷெஃபீல்டில் அந்த வேலைகள் தனித்தனித் தொழில்களாகப் பிரிந்து போயின. கொல்லர் உலையில் காய்ச்சிய எஃகைப் பட்டடையில் வைத்துக் குறட்டால் பிடித்துக்கொள்ள, எதிரே நின்றவர் சம்மட்டி அடித்தார். அலகு சிவக்கக் காய்ந்ததும் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் போட்டார்கள். அங்கிருந்து அலகு சாணைக்காரரிடம் போனது. அவர் தீட்டிக் கொடுத்ததை மெருகு போடுபவர் வாங்கினார். கடைசியில் கொம்பு, எலும்பு, தந்தம் ஆகியவற்றில் பிடி செய்து பொருத்துபவரிடம் அது வந்து சேர்ந்தது.

இந்த வேலைகளைச் செய்தவர்களில் பலர் 'சிறு முதலாளிகள்' என்று அழைக்கப்பட்டனர். சொந்தக் கருவிகளும் வாடகை இடமும் ஓரிரு பழகுநர்களும் வைத்துக்கொண்டு, வணிகரிடம் வேலை வாங்கிச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள். பெயரில்தான் முதலாளி. கைக்கு வந்த காசை வைத்துப் பார்த்தால் கூலிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னால் வரும் விடைகளைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி அவசியம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றில் மிகக் கொடிய வேலை எது?

சாணை பிடிப்பதுதான். கொல்லருக்குத் தீக்காயமும் தோள்வலியும் புகையும் இருந்தன. பிடி போடுபவர் கொம்புத் தூளைச் சுவாசித்தார். இவை எதுவும் சிறிய துன்பம் அல்ல. ஆனாலும் சாணைக்காரருக்கு நேர்ந்தது வேறு வகையானது.

அவர் வேலை செய்த விதத்தை அருகில் போய்ப் பார்ப்போம். தாழ்வான கூரையுள்ள ஓர் அறையில் வரிசையாகக் கற்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு கல்லின் கீழ்ப்பகுதியும் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம் போன்ற மரத்தாலான இருக்கை. அதற்குக் 'குதிரை' என்றே அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். சாணைக்காரர் அதன்மேல் கால்களை அகட்டி உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிக் குனிந்து, இரு கைகளாலும் அலகைக் கல்லின்மேல் அழுத்துகிறார். முகத்துக்கும் கல்லுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. கல் அவரை விட்டு விலகும் திசையில் சுழல்வதால் தீப்பொறி முன்னால் பறக்கிறது. ஆனால் தூசிக்குத் திசை கிடையாது. அது அறை முழுவதும் மிதந்து, அவர் மூக்கிலும் வாயிலும் புகுந்து, ஆடையில் படிந்து, ஈரம் பட்ட இடத்தில் மஞ்சள் சேறாக ஒட்டிக்கொள்கிறது. மாலையில் பட்டறையிலிருந்து தெருவுக்கு வருபவரின் முகம், மயிர், சட்டை எல்லாம் ஒரே மஞ்சள் நிறமாக இருக்கும். வழியில் போகிறவர் எவரும் அவரைக் கண்டதும் சாணைக்காரர் என்று சொல்லிவிடுவார்.

ஈரச் சாணை, வறட்டுச் சாணை என்று பிரிக்கிறார்களே, வேறுபாடு என்ன?

ஈரச் சாணையில் தொட்டியில் தண்ணீர் இருக்கும். கல் அதில் நனைந்தபடியே சுழலும். மேசைக் கத்திகளை இப்படித்தான் தீட்டினார்கள். வறட்டுச் சாணையில் தண்ணீரே கிடையாது. முள்கரண்டிகளும் ஊசிகளும் அப்படித் தீட்டப்பட்டன. சவரக்கத்திக்கு இரண்டு முறைகளும் பயன்பட்டன. தண்ணீர் தூசியின் பெரும்பகுதியை அடக்கிவிடும். ஆகவே வறட்டுச் சாணைக்காரரே முதலில் விழுந்தார்.

ஈரச் சாணைக்காரர் தப்பிவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. கல் தேய்ந்து வட்டம் குலையும்போது எஃகுக் கம்பியைக் கொண்டு அதன் முகத்தைச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலை நடக்கும்போது அறையில் எதிரே இருப்பவர் தெரியாத அளவுக்குத் தூசி எழும். தரையில் தெறித்த சேறும் காய்ந்தால் தூசிதான்.

எவ்வளவு இளம் வயதில் இறந்தார்கள்? எண்கள் உண்டா?

உண்டு. ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். அப்போது ஊரில் சுமார் 2,500 சாணைக்காரர்கள் இருந்தனர். அவர்களில் முள்கரண்டி தீட்டியவர்கள் ஏறக்குறைய 150 பேர். 80 பேர் வளர்ந்தவர்கள், 70 பேர் சிறுவர்கள். இவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள் என்பது அவர் கணிப்பு. சவரக்கத்தி தீட்டியவர்கள் 40 முதல் 45 வயதுக்குள்ளும், ஈரச் சாணையில் மேசைக் கத்தி தீட்டியவர்கள் 40 முதல் 50 வயதுக்குள்ளும் இறந்தார்கள்.

அதே ஊரின் மற்றொரு மருத்துவரான ஜார்ஜ் கால்வர்ட் ஹாலண்டு 1840களின் தொடக்கத்தில் மரணக் கணக்கைத் தொகுத்தார். 20 வயதைக் கடந்தவர்களிடையே நிகழும் 1,000 சாவுகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் 20 முதல் 29 வயதுக்குள் நிகழ்பவை நாடு முழுவதற்கும் 160. முள்கரண்டிச் சாணைக்காரர்களிடையே அந்த எண் 475. 40 வயதை எட்டுவதற்கு முன் நிகழ்பவை நாட்டில் 296, இவர்களிடையே 885. அதாவது, இந்த வேலைக்கு வந்து 20 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 40 வயதைப் பார்க்கவில்லை. ஒரு சின்னத் தொழிற்பிரிவைப் பற்றிய கணக்குத்தான் இது. ஆனால் அந்த 885 என்ற எண்ணைப் படித்த பிறகு, உணவுமேசையில் ஒரு முள்கரண்டியை முன்போல் கையில் எடுக்க எனக்கு முடிந்ததில்லை.

அந்த நோய் எப்படிப்பட்டது?

ஊரார் அதைச் 'சாணைக்காரர் இளைப்பு' என்றார்கள். இன்று நாம் அறியும் பெயர் சிலிக்கோசிஸ். மணற்கல்லின் பெரும்பகுதி சிலிக்கா என்னும் படிகப் பொருள். அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகி நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விட்டால் திரும்பி வராது. அதை விழுங்க முயலும் உடலின் காவல் அணுக்கள் தாமே அழிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. காசநோயும் அதில் எளிதாகப் பற்றிக்கொள்கிறது. தொழிலை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். அன்றும் மருந்து இல்லை. இன்றும் தழும்பை நீக்கும் மருந்து இல்லை.

நைட் எழுதிய நோய்க்குறிகள் மனத்தை விட்டு அகலாதவை. சிறுவன் 14 வயதில் வேலைக்கு வருகிறான். உடல் வலுவுள்ளவனாக இருந்தால் 20 வயதுவரை ஒன்றும் தெரியாது. பிறகு மேட்டில் ஏறும்போதும் மாடிப்படியிலும் மூச்சு முட்டத் தொடங்குகிறது. இழுத்து மூச்சுவிட வேண்டியிருப்பதால் தோள்கள் எப்போதும் உயர்ந்தே இருக்கின்றன. முகம் அழுக்கு மஞ்சளாகிறது, குரல் கரகரக்கிறது. மரக்குழாய்க்குள் காற்றை ஊதினால் எழும் ஓசையைப் போல இருமல் கேட்கிறது. நிமிர்ந்து நிற்பதைவிட, வேலையில் உட்கார்ந்திருக்கும் அதே குனிந்த நிலையே அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது என்றும் அவர் குறிக்கிறார். எந்த இருக்கை நோயைத் தந்ததோ, அந்த இருக்கையின் வடிவிலேயே உடலும் இளைப்பாறியது.

தூசியைத் தவிர வேறு ஆபத்துகள் இருந்தனவா?

கல் வெடிப்பது. வேகமாகச் சுழலும் மணற்கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால் போதும், அது துண்டுகளாகச் சிதறும். கல்லை அச்சில் இறுக்க மர ஆப்புகளை அறைவது பழைய வழக்கம். தண்ணீரில் ஊறி அந்த ஆப்பு உப்பினாலே கல் பிளந்துவிடும். கல்லின் மறுபுறம் கால்களை அகட்டி உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து ஓட நேரம் இருக்காது. சிதறிய துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதும் உண்டு. பின்னர் ஆப்புக்குப் பதிலாக இருபுறமும் இரும்புத் தட்டுகளை வைத்துத் திருகி இறுக்கும் முறை வந்தது. அதன் பிறகு இந்த விபத்துகள் குறைந்தன.

ஆற்றங்கரைப் பட்டறைகளுக்கு வெள்ளமும் ஓர் ஆபத்து. 1864 மார்ச் 11 இரவு, லாக்ஸ்லி ஆற்றின் மேலே புதிதாகக் கட்டப்பட்டிருந்த டேல் டைக் அணை உடைந்தது. குறைந்தது 240 பேர் மாண்டனர். அந்தப் பள்ளத்தாக்கின் சாணைப் பட்டறைகளும் அடித்துச் செல்லப்பட்டன.

நீராவி இயந்திரம் வந்த பிறகு வேலை எளிதாகவில்லையா?

கைக்கு எளிதானது. நுரையீரலுக்குக் கேடாக முடிந்தது. ஆற்றுநீரை நம்பியிருந்த காலத்தில் கோடையில் நீர் வற்றினால் கல் நிற்கும், குளிர்காலத்தில் நீர் உறைந்தாலும் கல் நிற்கும். அந்த நாள்களில் வருமானம் இல்லை. ஆனால் தூசியும் இல்லை. பட்டறைகளும் பள்ளத்தாக்கின் திறந்த வெளியில், ஒரு கட்டடத்தில் சில கற்கள் என்ற அளவில் காற்றோட்டமாக இருந்தன.

1786இல் நீராவியால் இயங்கும் முதல் சாணைப் பட்டறை ஷெஃபீல்டில் வந்தது. அதன்பின் நகரின் நடுவே பல மாடிகளோடு பெரிய பட்டறைகள் எழுந்தன. ஒரே அறையில் பல கற்கள், மூடிய சன்னல்கள், ஆண்டு முழுவதும் நிற்காத இயந்திரம். முன்பு ஒரே ஆள் கத்தி வேலையின் பல கட்டங்களையும் மாறி மாறிச் செய்தபோது சாணையில் அவர் கழித்த நேரம் குறைவு. தொழில் பிரிந்த பிறகு அவர் காலை முதல் இரவு வரை கல்லின் முன்னாலேயே உட்கார்ந்தார்.

தூசியை அகற்றும் வழி அக்காலத்தில் யாருக்கும் தெரியாதா?

தெரியும். இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

1820களின் தொடக்கத்திலேயே ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜே. எச். ஏப்ரகாம் என்பவர் காந்தத்தைக் கொண்டு ஒரு கருவி செய்தார். முகத்தருகே வைத்துக்கொண்டால் பறக்கும் எஃகுத் துகளை அது இழுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் பிறந்த கருவிதான். ஆனால் கொன்றது எஃகுத்தூள் அல்ல, கல்தூள். காந்தம் கல்லை இழுக்காது. ஆகவே அதை அணிந்திருந்தாலும் பெரிய பயன் கிடைத்திருக்காது. பெரும்பாலோர் அணியவும் இல்லை.

உண்மையான தீர்வு அதைவிட எளியது. ஒவ்வொரு கல்லின் முன்னாலும் ஒரு மரப் புனலை வைத்து, எல்லாப் புனல்களையும் ஒரு குழாயில் இணைத்து, குழாயின் கோடியில் ஒரு விசிறியைப் பொருத்தி, தூசியைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிவிடுவது. விசிறியைச் சுழற்றத் தனி இயந்திரம்கூட வேண்டாம். கல்லைச் சுழற்றும் அதே அச்சிலிருந்து ஒரு தோல்வாரை இழுத்தால் போதும். ஹாலண்டு 1840களில் இதை வற்புறுத்தி எழுதினார். சில பட்டறைகளில் வைத்தும் பார்த்தார்கள். வைத்த இடங்களில் காற்று தெளிந்தது.

அப்படியானால் எல்லா இடங்களிலும் ஏன் வைக்கவில்லை? விடை தொழில் அமைந்திருந்த விதத்தில் இருக்கிறது. பட்டறைக் கட்டடமும் நீராவியும் ஒருவருக்குச் சொந்தம். அவர் சாணை பிடிப்பவர் அல்லர். தொட்டிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குபவர். கல்லும் தோல்வாரும் சாணைக்காரருக்குச் சொந்தம். வேலையைக் கொடுப்பவரோ மூன்றாவது ஆளான வணிகர். புனலும் விசிறியும் வைப்பது யார் பொறுப்பு? நான் இடம் மட்டுமே தருகிறேன் என்றார் கட்டடக்காரர். நான் துண்டுக்குக் காசு தருகிறேன், அவர் எங்கே உட்கார்ந்து தீட்டினால் எனக்கென்ன என்றார் வணிகர். வாடகையும் கல்விலையும் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்திய சாணைக்காரரிடம் செலவழிக்கக் காசு இல்லை. மூவரில் எவரும் சட்டத்தின் கண்ணில் 'முதலாளி' இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொரு தலைமுறை மூச்சுத் திணறிச் செத்தது.

தொழிலாளர்களே விசிறியை எதிர்த்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பலர் எதிர்த்தார்கள் என்பது உண்மை. அவர்கள் சொன்ன காரணத்தையும் அக்கால மருத்துவர்கள் பதிந்திருக்கிறார்கள்: ஏற்கெனவே தொழிலில் ஆள் மிகுதி, எல்லோரும் நீண்ட நாள் வாழ்ந்தால் கூலி இன்னும் விழும், ஒருவருக்கும் பிழைப்பு இருக்காது. 'குறுகிய வாழ்வு, ஆனால் மகிழ்ச்சியான வாழ்வு' என்று அவர்கள் பேசிக்கொண்டதாகவும் குறிப்பு உண்டு. அவர்களிடையே மிகுதியாகக் குடித்தவர்களே அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றும் நைட் கண்டார். குடி காத்தது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. குடித்தவர் அடிக்கடி வேலைக்கு வராமல் இருந்தார். வராத நாளெல்லாம் அவருக்குத் தூசி இல்லாத நாள்.

இதைப் படித்துவிட்டு, அறியாமையால் தாமே கெட்டார்கள் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. தன் ஆயுள் நீள்வதே தன் பிள்ளையின் சோற்றில் கை வைத்துவிடும் என்று ஒருவர் அஞ்சும் நிலையில், அந்த அச்சத்தை உண்டாக்கிய கூலி ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அவர்கள் கணக்கு தவறானது அல்ல. 1814இல் வந்த ஒரு சட்டம் பழைய சங்கக் கட்டுப்பாடுகளை நீக்கி, எவரும் எத்தனை பழகுநர்களை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று ஆக்கியிருந்தது. ஆள் பெருகினால் கூலி என்னவாகும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது?

டஜன் கணக்கில். கேட்பதற்கு நேர்மையான முறைதான். ஆனால் டஜன் என்பதே பன்னிரண்டாக இருக்கவில்லை. பழுதாகும் துண்டுகளுக்கு ஈடு என்று சொல்லி ஒரு டஜனுக்குப் பதின்மூன்றும், சில பிரிவுகளில் பதினான்கும் கேட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. 1787இல் கத்திச் சங்கத்தின் தலைவராக இருந்த ஜோனத்தன் வாட்கின்சன் பதின்மூன்றாவது கத்தியை வற்புறுத்தியதற்காக ஊரார் அவர்மேல் பாட்டுக் கட்டித் தெருவெல்லாம் பாடினார்கள். ஒரு கத்தி என்பது கேட்பவருக்குச் சிறிது. அதைக் காய்ச்சியவர், அடித்தவர், தீட்டியவர், பிடி போட்டவர் ஒவ்வொருவருக்கும் அது கூலி இல்லாத உழைப்பு. காசுக்குப் பதில் சரக்கைக் கூலியாகத் தள்ளிவிடும் வணிகர்களும் இருந்தார்கள். இந்த வழக்கத்துக்கு எதிராக 1831இல் சட்டம் வந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு வராமல் இருப்பதும், வார இறுதியில் இரவு பகலாக உழைத்துச் சரக்கைச் சேர்ப்பதும் அங்கே ஊறிப்போன பழக்கம்.

சிறுவர்களும் பெண்களும் இந்தத் தொழிலில் இருந்தார்களா?

இருந்தார்கள். பழகுநராகச் சேர்க்கப்பட்ட சிறுவன் ஆண்டுக் கணக்கில் அந்த வீட்டிலேயே தங்கி, உணவுக்கும் உடைக்கும் வேலை செய்தான். நல்ல ஆசானிடம் அகப்பட்டவன் தொழில் கற்றான். மற்றவன் அடிமைபோல் உழன்றான். குழந்தைத் தொழிலாளர் குறித்து 1840களில் அரசு நியமித்த ஆணையம் ஷெஃபீல்டுக்கும் ஆளனுப்பி இச்சிறுவர்களின் வாக்குமூலங்களைப் பதிந்தது. முள்கரண்டிச் சாணைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சிறுவர்கள் என்ற நைட்டின் கணக்கை மேலே பார்த்தோம். வளர்ந்தவர்கள் செத்துக்கொண்டே இருந்த தொழிலில் அந்த விகிதம் வியப்பளிக்காது.

பெண்கள் பெரும்பாலும் மெருகு வேலையில் இருந்தார்கள். சுழலும் தோல் சக்கரத்தில் மணலும் எண்ணெயும் கலந்த கலவையைத் தடவி, கரண்டியையும் கத்தியையும் அதில் அழுத்திப் பளபளப்பாக்குவது அவர்கள் வேலை. கறுத்த எண்ணெய்ச் சேறு உடம்பெல்லாம் தெறிக்கும். அதனால் தலையில் சிவப்புத் துணியைக் கட்டி, முன்புறம் பழுப்புத்தாளையும் பழைய செய்தித்தாளையும் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளை உரித்துக் கசக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் புதுத்தாள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் காட்சி அங்கே இருந்தது.

தொழிற்சங்கங்கள் என்ன செய்தன? வன்முறை நடந்ததா?

இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டும். சாணைக்காரர் சங்கங்கள் உறுப்பினர்களிடம் வாரச் சந்தா வாங்கி, வேலை இல்லாதவருக்கு அந்தப் பணத்திலிருந்து உதவின. பட்டினியால் ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் எல்லோருடைய கூலியும் விழும் என்பதால், அவரைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவதே மேல் என்று கருதினார்கள். சந்தா கட்டாதவரின் பட்டறைக்குள் இரவில் புகுந்து கல்லைச் சுழற்றும் தோல்வாரை எடுத்துப் போய்விடுவார்கள். பாக்கியைக் கட்டினால் வார் திரும்பி வரும். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலத்தில் கடனை வசூலிக்க அவர்கள் கண்ட வழி அது.

சிலர் அதையும் தாண்டினார்கள். 1859இல் ஜேம்ஸ் லின்லி என்னும் ரம்பச் சாணைக்காரர் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். 1866 அக்டோபரில் இன்னொரு ரம்பச் சாணைக்காரரின் வீட்டில் வெடிமருந்து வைக்கப்பட்டது. 1867இல் அரசு விசாரணைக் குழு ஷெஃபீல்டில் அமர்ந்து, உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று அறிவித்தபோது, ரம்பச் சாணைக்காரர் சங்கச் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட் இவற்றுக்கு ஆள்வைத்துக் காசு கொடுத்தது தாமே என்று ஒப்புக்கொண்டார். நாடே அதிர்ந்தது. கொலையை எந்தக் காரணமும் நியாயமாக்காது. ஆயினும் அந்தக் காலச் செய்தித்தாள்கள் இந்தச் சில வன்செயல்களுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு சிறு பங்கைக்கூட, ஆண்டுதோறும் தூசியில் போன உயிர்களுக்குக் கொடுக்கவில்லை. இதையொட்டி எழுந்த விவாதங்களின் முடிவில், 1871இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது.

கடைசியில் இந்தச் சாவுகள் எப்படிக் குறைந்தன?

முதலில் சட்டம். 1867ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சாணையிலும் மெருகிலும் எழும் தூசி உடலுக்குக் கேடு என்று ஆய்வாளர் கருதினால் விசிறி வைக்க ஆணையிடலாம் என்றது. ஆனால் பல பேர் வாடகைக்கு உட்கார்ந்திருக்கும் பட்டறையில் ஆணை யாருக்கு என்ற பழைய சிக்கல் தொடர்ந்தது. 1895ஆம் ஆண்டின் சட்டம்தான் வாடகைப் பட்டறைகளைத் தனியே எடுத்துக்கொண்டு கட்டட உரிமையாளரின் பொறுப்பை வரையறுத்தது. கத்திச் சாணைக்கென்றே தனி விதிகள் 1925இல் வந்தன. ஹாலண்டு எழுதியதிலிருந்து எண்ணினால் 80 ஆண்டுகளுக்கு மேல்.

அடுத்தது கல்லே மாறியது. 20ஆம் நூற்றாண்டில் மணற்கல்லை விலக்கிவிட்டு, சிலிக்கன் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு ஆகியவற்றால் செய்த செயற்கைச் சாணைக்கற்கள் வந்தன. தூசி இருந்தாலும் அதில் மணற்கல்லின் சிலிக்கா இல்லை. இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் கிடைக்கும் வடிவம்தான் குருந்தக்கல். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. நம் நாட்டில் அந்தக் கல்லின் பொடியை அரக்கில் குழைத்துச் சாணை செய்யும் வழக்கம் பழையது.

இந்த நோய் இன்று இல்லை என்று சொல்லலாமா?

ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைகளில் இல்லை என்று சொல்லலாம். இந்தியாவில் சொல்ல முடியாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்னும் சிலிக்கா மிகுந்த கல்லைத் தீட்டி மணிகள் செய்பவர்கள், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்கள், ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கங்களில் வேலை செய்பவர்கள் ஆகியோர் இதே நோயில் மடிந்திருக்கிறார்கள். கம்பாத்தில் பலர் வீட்டுத் திண்ணையிலேயே துண்டுக் கூலிக்குத் தீட்டுகிறார்கள். கல்லைக் கொடுத்து மணியை வாங்கிக்கொள்ளும் வணிகர் தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஷெஃபீல்டின் வாடகைப் பட்டறையில் நடந்த அதே பேச்சு. ராஜஸ்தான் அரசு 2019இல் தூசி நோய்களுக்கென ஒரு தனிக் கொள்கையை வகுத்து, நோய் உறுதியானவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவித்தொகை தருகிறது. மற்ற மாநிலங்களிலும் குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் வேலை செய்தவருக்கு நாள்பட்ட இருமல் வந்தால், காசநோய் என்று மட்டும் எண்ணி நின்றுவிடாமல், செய்த தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பலருக்குக் காசநோய் மருந்தே ஆண்டுக் கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பட்டறைகளை இன்று நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஷெஃபீல்டின் ஏபிடேல் தொழிற்சிற்றூரும் கெலம் தீவு அருங்காட்சியகமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், போர்ட்டர் ஆற்றங்கரையில் உள்ள 'ஷெப்பர்டு வீல்' என்னும் பழைய நீர்ச்சக்கரப் பட்டறைக்குப் போகுமாறு சொல்வேன். 1794இல் அதைக் குத்தகைக்கு வைத்திருந்த ஷெப்பர்டு என்பவரிடம் 10 பேர் வேலை செய்ததாகப் பதிவு உண்டு. 18 அடி விட்டமுள்ள சக்கரம் பழுதுபார்க்கப்பட்டு, 2012 முதல் மீண்டும் சுழல்கிறது. உள்ளே கற்களும் தொட்டிகளும் மரக்குதிரைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரு குதிரைக்கும் அடுத்த குதிரைக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதை நின்று பாருங்கள்.